கரையில் ஏழு பேர்

அத்தியாயம் 17

பாதி டிவி போன மாதம் செத்துப்போனது. மீதிப் பாதி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

கண்டுபிடித்தவன் தம்பி. நாலு நாள் லீவில் வந்தவன், பையைக் கீழே வைப்பதற்குள், "என்னப்பா இது, நியூஸ் படிக்கிறவங்களுக்குப் பாதி மூஞ்சியக் காணோம்?" என்று கத்தினான். திரையின் இடது பக்கம் முழுக்க இருண்டு கிடந்தது.

"பத்து நாளா அப்படித்தான் இருக்கு" என்றாள் அம்மா.

தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் அதன் எதிரில் உட்காருகிற அப்பாவோ, "எனக்கு நல்லாத்தான்டா தெரியுது" என்றார்.

வீடு விழுந்து விழுந்து சிரித்தது. எதையும் குறை சொல்லத் தெரியாத மனுஷன் என்று அப்பாவுக்கு ஏற்கெனவே ஒரு பேர் உண்டு. டீயில் சர்க்கரை போட மறந்தால் உடம்புக்கு நல்லது என்பார். சட்டை கிழிந்தால் காற்றோட்டம் என்பார். பாதி டிவியையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள்.

தம்பி வேலைக்குத் திரும்பும்போது மூத்தவளிடம் சொல்லிவிட்டுப் போனான். "அக்கா, நீ விக்கிறது டிவி. நம்ம வீட்டுல ஓடறது பாதி டிவி. மானம் போகுது. அப்பாவுக்கு நல்லதா ஒண்ணு எடு. இருக்கறதுலயே நல்லது. நான் பாத்துக்கறேன்."

மூத்தவளுக்கு ஒரு பெரிய எலக்ட்ரானிக்ஸ் கடையில் இரண்டாவது மாடியில் வேலை. அவளை எல்லாரும் டிவி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணம் கசந்து, கைக்குழந்தையோடு அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்து ஐந்து வருஷம் ஆகிறது. அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்காமல் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தவர் அப்பா. அவருக்கு ஒரு டிவி தேர்ந்தெடுத்துக் கொடுப்பதில் அவளுக்குத் தம்பியைவிட அவசரம் இருந்தது.

புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்ட கையோடு, அப்பாவும் அம்மாவும் கடைக்கு வந்தார்கள்.

அப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். அம்மா அதே வேனில் ஆயா. முன்பு வேறொரு பெண் இருந்தாள். எட்டு மாதத்துக்கு முன்னால் அவளை நிறுத்திவிட்டு அம்மாவே ஏறிக்கொண்டாள். "வீட்டுல சும்மாத்தானே இருக்கேன்" என்று அப்போது காரணம் சொன்னாள். அம்மா வாழ்நாளில் ஒரு மணி நேரம் சும்மா இருந்ததில்லை. ஆனாலும் யாரும் மறுத்துக் கேட்கவில்லை.

அம்மா ஏறியதிலிருந்து வேனில் ஒரு விளையாட்டு. எதிரில் வருவதை யார் முதலில் சொல்கிறார்களோ அவர்களுக்கு ஒரு மிட்டாய். "சிவப்பு!" "வேகத்தடை!" "பக்கத்துல பைக்கு!" என்று பதினோரு பிள்ளைகளும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு போவார்கள். மூத்தவளின் ஆறு வயசு மகள், குட்டி, அதில் கெட்டிக்காரி. முன் சீட்டில் பாட்டி மடியில் உட்கார்ந்துகொண்டு தினமும் மிட்டாயோடுதான் திரும்புவாள். பல் சொத்தையாகிறது என்று மூத்தவள் ஒருமுறை சண்டைகூடப் போட்டிருக்கிறாள்.

கண்ணாடிக் கதவு வழியாக அவர்கள் வருவது தெரிந்தது. அம்மா முன்னால் வர, அப்பா அவள் தோளில் கை போட்டபடி பின்னால் வந்தார்.

"பாத்தியா, இந்த வயசுலயும் கைய எடுக்க மனசில்ல" என்று பில்லிங்கில் இருந்த அக்கா கண்ணடித்தாள். "எங்க வீட்டுல ஒருத்தர் இருக்காரு. ரோட்டுல நடந்தா எனக்கும் அவருக்கும் நடுவுல ஒரு லாரி போகும்."

மூத்தவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

"எங்கம்மா வண்டிய விட்டீங்க?"

"பக்கத்துத் தெருவுல. இங்க இடமே இல்ல."

"கண்ணாடிய மாத்தினீங்களா? இன்னும் டேப் போட்டுத்தானே ஒட்டியிருக்கு?"

வேனின் இடது பக்கக் கண்ணாடி பதினைந்து நாளாகப் பச்சை டேப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. நிறுத்தியிருந்தபோது யாரோ இடித்துவிட்டுப் போய்விட்டதாக அம்மா சொல்லியிருந்தாள்.

"மாத்தணும்" என்றாள் அம்மா. "நீ டிவியக் காட்டு. மூணு மணிக்குப் பிள்ளைங்கள எடுக்கணும்."

டிவி அக்காவிடம் ஒரு வித்தை உண்டு. மேனேஜர் அதைப் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பாடமாகவே எடுக்கச் சொல்வார்.

இரண்டாவது மாடியின் கோடியில் ஓர் இருட்டறை. கறுப்புத் திரைச்சீலை, ஒரு சோபா, சுவரில் வரிசையாக மூன்று டிவி. முதலாவது சாதா எல்இடி. இரண்டாவது கியூஎல்இடி. மூன்றாவது ஓஎல்இடி. மூன்றிலும் ஒரே படம் ஓடும். பொழுது சாய்ந்த நேரத்து ஆறு, நடுவில் விளக்கு ஏற்றிய ஒரு படகு, அதற்குப் பின்னால் கரையில் சிலர். கரையில் எத்தனை பேர் என்று வாடிக்கையாளரை எண்ணச் சொல்வாள். அவ்வளவுதான் வித்தை.

முதல் டிவியில் நாலு பேர் தெரிவார்கள். நடுவில் இருப்பதில் ஐந்து, கண் கூர்மையாக இருந்தால் ஆறு. மூன்றாவதில் ஏழு. ஏழாவது ஆள் மரத்தடியில் கறுப்புச் சட்டையோடு நிற்பவன். அவனைக் கண்டுபிடித்தவர்கள் வேறு டிவி வாங்கி அவள் பார்த்ததில்லை.

அப்பாவை சோபாவில் உட்காரவைத்தாள். அம்மாவும் அவரை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்த இரண்டாவது நிமிஷம் அம்மாவின் போன் அடித்தது. வேனில் வரும் ஒரு பிள்ளையின் அம்மா. சாயங்காலம் வேறு முகவரியில் இறக்கிவிட முடியுமா என்று ஏதோ கேட்டாள். அறைக்குள் சிக்னல் விட்டுவிட்டு வந்தது. அம்மா அப்பாவையும் போனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"போய்ப் பேசிட்டு வா. நான் என்ன ஓடியா போறேன்" என்றார் அப்பா.

அம்மா மனசில்லாமல் எழுந்து போனாள்.

மூத்தவள் தன் பாட்டை ஆரம்பித்தாள். தினமும் இருபது தடவை சொல்வதை அப்பாவுக்காகக் கொஞ்சம் பாசம் சேர்த்துச் சொன்னாள்.

"அப்பா, முதல் ரெண்டு டிவியிலயும் திரைக்குப் பின்னாடி விளக்கு இருக்கு. அது எப்பவும் எரிஞ்சுக்கிட்டே இருக்கும். அதனால கறுப்பு வர வேண்டிய இடத்துலயும் கொஞ்சம் வெளிச்சம் கசியும். சாம்பல் மாதிரி இருக்கும். நடுவுல இருக்கறதுல கலர் கொஞ்சம் கூட, வெளிச்சமும் கூட. மூணாவதுல பின்னாடி விளக்கே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானா எரியும், தானா அணையும். கறுப்புன்னா கறுப்பு, மைதான்."

"சரி."

"இப்பப் பரீட்சை. கரையில எத்தனை பேர், எண்ணிச் சொல்லுங்க."

"எந்தக் கரையில?"

அவள் சிரித்தாள். "ஆத்தங்கரைப்பா."

"ஆறு எங்க இருக்கு?"

இன்னும் பலமாகச் சிரித்தாள். அப்பாவின் வேடிக்கை இப்படித்தான் இருக்கும், முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

"விளையாடாதீங்கப்பா. விளக்கு இருக்கில்ல, அதுக்குப் பின்னாடி."

அப்பா கழுத்தை லேசாகத் திருப்பினார். கொஞ்சம் வலது பக்கம், அப்புறம் கொஞ்சம் மேலே. ரேடியோவில் ஸ்டேஷன் பிடிக்கிறவர் போல.

"விளக்கு தெரியுது" என்றார். "நல்ல விளக்கு."

"ஆளுங்க?"

"ஆளுங்களா..." என்று இழுத்தார். "அவங்க பாட்டுக்கு நிக்கறாங்க. அவங்கள எதுக்கு எண்ணிக்கிட்டு?"

அவள் சிரிப்பு பாதியில் நின்றது. முதல் டிவியில் வெளிச்சத்தைக் கூட்டினாள். கரை வெளுத்தது, நாலு பேரும் பளிச்சென்று தெரிந்தார்கள். ஒருவன் கையில் துடுப்புகூட இருந்தது.

"இப்ப முதல் டிவியில?"

"இதுலயும் விளக்கு நல்லா இருக்கு."

எந்த வாடிக்கையாளரிடமும் செய்யாத ஒன்றை அவள் அப்போது செய்தாள். ரிமோட்டை எடுத்து மூன்றாவது டிவியை அணைத்தாள். கண்ணாடிப் பலகை போல அது சுவரில் நின்றது. அடிப்பக்கம், மின்சாரம் வருகிறது என்பதைக் காட்டும் சின்னப் பொட்டு வெளிச்சம் மட்டும் மின்னியது.

"அப்பா, மூணாவது எப்படி இருக்கு? கடைசியா இருக்கறது."

அப்பா தேடினார். தேடிக் கண்டுபிடித்து, நிம்மதியாக மூச்சு விட்டார்.

"இதுல விளக்கு சிவப்பா இருக்கு. சின்னதா வச்சிருக்கான். ஆனா கலர் நல்லா இருக்கும்மா."

ரிமோட் வழுக்கி சோபாவில் விழுந்தது. அந்தச் சத்தம் வந்த திசைக்கு அப்பா முகத்தைத் திருப்பிப் புன்னகை செய்தார். அந்தப் புன்னகை அவள் நின்ற இடத்துக்கு ஒரு முழம் தள்ளிப் போயிற்று.

திரைச்சீலையை விலக்கிக்கொண்டு அம்மா வேகமாக உள்ளே வந்தாள். "என்ன, முடிவு பண்ணியாச்சா?" என்றபடியே உட்கார்ந்து அப்பாவின் மணிக்கட்டில் கை வைத்தாள். அவள் விரல் இரண்டு தடவை தட்டியது.

"நடுவுல இருக்கறதே எடுத்துக்கலாம்" என்றார் அப்பா.

பின்பக்கப் படிக்கட்டில் காலி அட்டைப் பெட்டிகளை அடுக்கி வைத்திருப்பார்கள். கடையில் வேலை செய்கிறவர்கள் அழுவதற்கும் ஆத்திரத்தைக் கொட்டுவதற்கும் போகும் இடம் அதுதான். மூத்தவள் அம்மாவை அங்கே இழுத்துக்கொண்டு போனாள்.

"எத்தனை நாளாம்மா?"

"எது எத்தனை நாளா?"

"அம்மா!"

அம்மா படியில் உட்கார்ந்தாள். முந்தானையை எடுத்து மடியில் வைத்து நீவிக்கொண்டிருந்தாள்.

"எட்டு மாசம். தெரிஞ்சது எட்டு மாசம். அதுக்கு முன்னாடியே போயிருக்கு. வலிக்கல, சிவக்கல, ஒண்ணுமில்ல. ஒரு நாள் வாசல் தூண்ல முட்டிக்கிட்டாரு. தூண் எப்படா இங்க வந்துச்சுன்னு என்னையே கேட்டாரு."

"டாக்டர்?"

"கண்ணுல அழுத்தமாம். போனது போனதுதான்னாரு. இருக்கறதக் காப்பாத்தத்தான் சொட்டு மருந்து."

பிரிட்ஜ் கதவில் எப்போதும் ஒரு சொட்டு மருந்து இருக்கும். தனக்குக் கண் எரிச்சல் என்று அம்மா சொல்லியிருந்தாள். அதைத் தினமும் நகர்த்திவைத்துத்தான் மூத்தவள் பால் எடுப்பாள். ஒரே வீடு, ஒரே பிரிட்ஜ். பாதி டிவியைப் பார்த்து எல்லாரும் சிரித்த அன்று அம்மா மட்டும் சிரிக்காமல் சமையலறைக்குள் போனது இப்போது ஞாபகம் வந்தது.

அம்மா தன் பையிலிருந்து வேன் காகிதங்கள் இருந்த உறையை எடுத்தாள். இன்சூரன்ஸ் தாளுக்குப் பின்னால் நாலாக மடித்த ஒரு ரிப்போர்ட் இருந்தது. மூத்தவள் விரித்துப் பார்த்தாள். இரண்டு வட்டம், கண்ணுக்கு ஒன்று. உள்ளே புள்ளி புள்ளியாக அச்சடித்திருந்தது. நடுவில் கொஞ்சம் வெள்ளை. சுற்றிலும் கறுப்பு.

ரிப்போர்ட்டைப் படிக்க அவளுக்கு டாக்டர் தேவைப்படவில்லை. எரியும் புள்ளி, எரியாத புள்ளி. அவள் தொழிலே அதுதான். டிவியில் ஐந்து புள்ளிக்கு மேல் அணைந்தால் புகார் கொடுக்கலாம், கம்பெனி பேனலையே மாற்றிக் கொடுக்கும். இங்கே புகார் எழுத இடமில்லை.

"இதோட வண்டி ஓட்டறாரா? பதினோரு பிள்ளைங்கள வச்சுக்கிட்டா?"

"நான்தான் பக்கத்துல இருக்கேன்ல. ஒரு தட்டு தட்டினா மெதுவா. ரெண்டுன்னா நிறுத்தணும். எல்லாம் பழகியாச்சு."

"சிக்னல்?"

அம்மா ரிப்போர்ட்டை வாங்கி மறுபடி நாலாக மடித்தாள்.

மூத்தவளுக்கு மெல்லமெல்லப் புரிந்தது.

"அந்த விளையாட்டு..."

"எனக்கும் வயசாகுதுடி. எல்லாப் பக்கமும் ஒருத்தியால பாக்க முடியல. பதினோரு பிள்ளைங்க, இருபத்திரண்டு கண்ணு. ஒண்ணு விட்டா இன்னொண்ணு பிடிக்கும்."

"என் பொண்ணும் அந்த வண்டியிலதான் வர்றா. தெரியுமில்ல உனக்கு?"

"அவ இருக்கறதாலதான்டி எனக்கு தைரியமே. அவதான் எல்லாத்தையும் முதல்ல சொல்லுவா."

இதைச் சொல்லும்போது அம்மாவின் முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அதைப் பார்க்க முடியாமல் மூத்தவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நிறுத்தச் சொல்லுவ. நிறுத்தினா?" அம்மா நிமிர்ந்தாள். "தம்பிக்கு அந்த வேலை இன்னும் நிரந்தரமாகல. உன் கதை உனக்கே தெரியும். வண்டி நின்னா வீடு நின்னுடும். பரீட்சை முடிய இன்னும் மூணு மாசம். அதுவரைக்கும் ஓட்டிட்டு, முதுகு வலின்னு சொல்லி மரியாதையா விலகிடலாம்னு நெனச்சோம். அவ்வளவுதான்டி. மூணு மாசம்."

"மூணு மாசத்துல எத்தனை சிக்னல்மா?"

கீழே சரக்கு லிப்ட் கிறீச்சிட்டுக்கொண்டு ஏறியது. பெட்டி தூக்குகிறவர் எட்டிப் பார்த்து, "யக்கா, வழி" என்றார். இருவரும் சுவரோடு ஒட்டி நின்று வழி விட்டார்கள். அறுபத்தைந்து அங்குலப் பெட்டி ஒன்று அவர்களுக்கு நடுவே போயிற்று.

அப்பா இருட்டறையிலேயே உட்கார்ந்திருந்தார். ஆற்றுப் படம் மறுபடி மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. காலடிச் சத்தத்தை வைத்தே யார் வருவது என்று கண்டுகொண்டார்.

"உங்கம்மா சொல்லிட்டாளா?"

"ம்."

"உண்மையச் சொல்லு. கரையில எத்தனை பேரு?"

"ஏழு."

"ஏழா!" நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "ரெண்டுன்னு சொல்லலாமான்னு வாயெடுத்தேன். ஒரு பேச்சுக்கு. நல்லவேளை சொல்லல."

அவள் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். சின்ன வயசில் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிவிட்டு வந்தால் இப்படித்தான் உட்காருவாள்.

"ரோடு எப்படிப்பா தெரியும்?"

"பகல்ல நேரா இருக்கறது தெரியும்மா. ஒரு குழாய் வழியாப் பாக்கற மாதிரி. பக்கத்துல இருந்து வர்றதுதான்..." அவர் யோசித்தார். "வந்து போனப்புறம் தெரியும்."

"அதனாலதான் எல்லாத் திருப்பத்துலயும் ஹாரன் அடிக்கிறீங்களா?"

"பிள்ளைங்க எனக்கு ஹாரன் தாத்தான்னே பேர் வச்சிருச்சுங்க." சிரித்தார். "நீ என்ன நெனைக்கிறன்னு தெரியும். நானும் அதத்தான் நெனைக்கிறேன். தினமும் காலையில."

"சாவியக் குடுங்கப்பா."

அப்பா தாமதிக்கவே இல்லை. சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். அவள் கை இருந்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி. அவள்தான் நகர்ந்து வாங்கிக்கொண்டாள்.

"குடுக்கணும்னுதான் நெனச்சேன்மா. யாராவது கேப்பாங்கன்னு இருந்தேன். யாரும் கேக்கல."

அம்மா வாசலில் நின்றபடி, "அப்ப மூணு மணிக்கு?" என்றாள்.

படத்தில் படகு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

முதலில் டிவியை முடித்தாள். ஏதாவது ஒன்று முடிந்தால் போதும் என்று இருந்தது.

வாசலில், முழு வெளிச்சத்தில், மலிவான மாடல்களை நிறுத்தியிருப்பார்கள். கறுப்பு சாம்பலாகவும் வெள்ளை கண்ணைக் கூசும்படியும் தெரியும் எல்இடி. விஷயம் தெரிந்தவர்கள் கேட்டால் வேண்டாம் என்றுதான் அவளே சொல்வாள். அதில் வெளிச்சத்தை நூறுக்கு ஏற்றி, எழுத்துகளைப் பெரிதாக்கி, அப்பாவை மூன்றடி தூரத்தில் நிற்கவைத்தாள்.

"இதுல ஒரு ஆள் பேசறான்" என்றார் அப்பா. "மீசை வச்சிருக்கான்."

மீசைதான். சரியாகச் சொன்னார்.

"தம்பி கேட்டா? இருக்கறதுலயே நல்லதுன்னுதானே சொன்னான்" என்றாள் அம்மா.

"இதான் நல்லது."

"எதுக்கும்மா வீண் செலவு?" என்றார் அப்பா. "பழசுலயே எனக்கு ஒரு குறையும் இல்ல. இன்னும் கொஞ்ச நாள் போனா எல்லா டிவியும் எனக்கு ரேடியோதான்."

பில்லிங் அக்கா பில்லைப் பார்த்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினாள். "என்னடி, ஊருக்கெல்லாம் ஓஎல்இடி, அப்பாவுக்கு இதா? பாவம்டி அவரு." மூத்தவள் கையெழுத்துப் போட்டாள்.

பிறகு போன். அப்பாவோடு அதே பள்ளிக்கூடத்துக்கு வேன் ஓட்டும் ஒருவர் இருக்கிறார். தொப்பை வேன் என்று பிள்ளைகள் கூப்பிடுவார்கள். "இன்னிக்கு ஒரு டிரிப் நான் சேத்து அடிச்சுடறேன்மா. நெருக்கி உக்காரவச்சுக்கறேன். ஆனா நாளைக்கு முடியாது, சொல்லிட்டேன்" என்றார். குட்டியைத் தானே போய் அழைத்துக்கொள்வதாக அவள் சொன்னாள்.

மிச்சமிருந்தது பள்ளிக்கூடம். உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தாள். எங்கப்பாவுக்குக் கண் தெரியவில்லை, இனிமேல் அவர் ஓட்ட மாட்டார். இரண்டே வாக்கியம். படிக்கட்டில் நின்று இரண்டு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அம்மா மேல்படியில் உட்கார்ந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடத்தில் வேன்களைக் கவனிக்கும் பெண்மணி எடுத்தாள். யார் மகள் என்று தெரிந்ததும் குரலில் வெல்லம் கரைந்தது.

"அடடே, அவரு பொண்ணா? சொல்லுங்கம்மா. உங்கப்பா மாதிரி ஒரு ஆள் கிடையாது. ஒன்பது வருஷத்துல ஒரு நாள் லேட்டில்ல, ஒரு கம்ப்ளெயின்ட் இல்ல. நாங்க மத்த டிரைவருங்களுக்கெல்லாம் அவரத்தான் உதாரணம் காட்டுவோம். என்ன விஷயம்?"

மூத்தவள் வாயைத் திறந்தாள். இரண்டு வாக்கியமும் தயாராக இருந்தன. இத்தனை நாள் இப்படித்தான் ஓட்டினாரா என்பது அடுத்த கேள்வியாக இருக்கும். அதற்கு அடுத்தது, கூடவே இருந்த ஆயாவுக்குத் தெரியுமா என்பது. அதற்கு அடுத்த கேள்வியைக் கேட்கப் பள்ளிக்கூடத்திலிருந்து யாரும் வர மாட்டார்கள், போலீஸ் வரும்.

"வண்டியில கொஞ்சம் கோளாறு" என்றாள். "பிரேக் சரியில்ல. இன்னிக்கு வேற வேன் வரும்."

"அதுக்கென்னம்மா, சொன்னீங்களே, அதுவே பெருசு. நாளைக்கு வந்துடுமில்ல?"

அம்மா மேல்படியிலிருந்து ஒரு படி இறங்கி உட்கார்ந்தாள். மூத்தவளின் கையில் வேன் சாவி பிசுபிசுத்தது.

"வந்துடும்" என்றாள் மூத்தவள்.

போனை வைத்த பிறகுதான் தெரிந்தது: அந்த வேனில் இத்தனை நாள் இரண்டு பேர் பொய்யோடு போய்க்கொண்டிருந்தார்கள். இப்போது மூன்று.

மேனேஜரிடம் அரை நாள் லீவு சொல்லிவிட்டு பஸ் பிடித்துப் போய்க் குட்டியை அழைத்துக்கொண்டாள். திரும்பும் பஸ்ஸில் கூட்டமில்லை. குட்டி ஓடிப்போய் முன்னாடி சீட்டில், டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்கண்ணாடியை உற்றுப் பார்த்தாள்.

"சிவப்பு" என்று முணுமுணுத்தாள்.

பஸ் நின்றது. குட்டி பெருமூச்சு விட்டாள். ஆறு வயசுப் பிள்ளை விடுகிற மூச்சு இல்லை அது.

"குட்டி, இது பஸ். இந்த மாமாவுக்குத் தெரியும். நீ சொல்ல வேணாம்."

"அப்படியா?" குட்டி டிரைவரைச் சந்தேகத்தோடு பார்த்தாள். "தாத்தாவுக்கு நாளைக்கு யாரும்மா சொல்லுவா?"

"எல்லாரும்தானே சொல்றீங்க?"

"மத்தவங்கெல்லாம் மிட்டாய்க்குச் சொல்றாங்க. நான்தான் நெஜமாச் சொல்றேன்." குரலைத் தாழ்த்தினாள். "அன்னிக்கு நான் தூங்கிட்டேன்ல? யாரும் சொல்லல. பாட்டி எனக்குத் தலை கட்டிவிட்டுக்கிட்டு இருந்தாங்க. அப்பதான் அந்த சைக்கிள் அக்கா..."

சட்டென்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பச்சை டேப் ஒட்டிய கண்ணாடி மூத்தவளின் கண்முன் வந்து நின்றது.

"எந்த சைக்கிள் அக்கா? குட்டி, அம்மாவப் பாரு. அந்த அக்காவுக்கு என்ன ஆச்சு?"

குட்டி தலையை ஆட்டினாள். யூனிபார்ம் பைக்குள் கை விட்டு, தாள் பிரிக்காத மூன்று மிட்டாய்களை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். பல நாள் பைக்குள்ளேயே கிடந்து அவை உருகி ஒட்டிப்போயிருந்தன.

"சொல்லாம இருக்கறதுக்கு பாட்டி மூணு குடுத்தாங்கம்மா. எனக்குத் திங்கவே பிடிக்கல."

பஸ் மெல்ல உறுமியது.

"பச்சை" என்றாள் குட்டி, முன்கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல்.